மாசிக் காலையில் எங்கே நடப்பது: வேலூரா, ஆற்காடா, ஆரணியா?

வேலூர்ப் பக்கம் காலாற நடக்க ஏற்ற பருவம் ரொம்பச் சின்னது. தை கடைசியில் தொடங்கி பங்குனி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். பஞ்சாங்கம் இளவேனிலைச் சித்திரையில் வைத்திருக்கிறது. வைத்துவிட்டுப் போகட்டும், சித்திரையில் பகல் பதினோரு மணிக்கு அண்ணா சாலையில் நடந்தவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த ஊருக்கு வசந்தம் என்றால் மாசிதான். விடியலில் போர்வையை இழுத்துக்கொள்ளச் சொல்லும் குளிர், எட்டு மணிக்கு முதுகுக்கு இதமான வெயில், பதினொன்றுக்கு மேல் நிழல் தேட வைக்கும் சூடு. புங்க மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்க்கத் தொடங்கும். ஆக, ஒரு நாளில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. ஞாயிற்றுக்கிழமைக்கு ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்கும் சென்னைச் சொந்தக்காரர்கள் ஒரு வகை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு யாரையாவது கூட்டிவந்து, ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். முதல் தடவை என்றால் வேலூர். அதற்குக் காரணமாகக் கோட்டையைவிட, கோட்டைக்கு எதிரே இருக்கும் பழைய கடைத்தெருக்களையே சொல்வேன். இரண்டாம் தடவை வந்தால் ஆற்காடு. ஆரணி எல்லோருக்குமான இடமில்லை, ஆனால் அதை விரும்புகிறவர்கள் மற்ற இரண்டையும் மறந்துவிடுவார்கள்.

வேலூரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் செய்வது, எட்டு ஒன்பது மணிக்குக் கோட்டைக்குள் போய், சுற்றிவிட்டு, வெயில் ஏறிய பிறகு பஜாருக்குள் நுழைவது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். லாங்கு பஜாரும் மண்டித் தெருவும் நேதாஜி மார்க்கெட்டும் நடக்கிறவனுக்கு இடம் கொடுப்பது விடியற்காலையில் மட்டும்தான். ஆறு மணிக்குப் போனால் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். பூக்கடையில் சாக்கைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். காய்கறிப் பக்கம் முள்ளுக் கத்தரிக்காய் குவியலாகக் கிடக்கும். இலவம்பாடிப் பக்கத்தில் விளைகிற, காம்பில் முள் குத்துகிற, புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய் அது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்த் தொக்கு இந்தக் காயில் செய்தால்தான் சரியாக வரும் என்பது என் வீட்டுக் கட்சி. ஆம்பூர்க்காரர்கள் இதை மறுக்கக்கூடும். மண்டிகளில் தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே பேரத்துக்குள் மாறி மாறி வரும். கேட்டுக்கொண்டு நிற்பதே தனிச் சுகம். பத்தரை மணிக்கு இதே தெருவில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்துவிட்டால், நீங்கள் கடைப் படியில் ஏறி நிற்க வேண்டியதுதான்.

லாங்கு பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. தினம் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள், நின்று பார்க்கிறவர்கள் குறைவு. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் ஒரு பலகை சொல்கிறது. பெயர்கள் இல்லை. இந்த மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்குப் போகும் வழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. ஊருக்கு ஊர் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவராவது இருப்பார். அதனால் அந்த எண்களை வேலூர்க்காரர்கள் அந்நியமாகப் படிக்க முடியாது.

கொஞ்சம் தள்ளிப் போனால் மதரசாக்கள். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்தும் மாணவர்கள் ஓத வரும் இடம். இந்தச் சில ஆண்டுகளாக ரமலான் மாசியையொட்டி வருகிறது. அந்த மாதத்தில் நடக்க வந்தால் சாயங்காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தோடு போகும் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே தெருக்களைத் தெரிந்துகொள்ளலாம்.

டிபன் முடித்துவிட்டு எட்டரை மணிக்குக் கோட்டை. ஒரே வாசல், கிழக்கே. விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை. சின்ன பொம்மு நாயக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. 133 ஏக்கர். அகழியில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்ற கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னால் அடுத்த அரை மணி நேரம் அவர்கள் தண்ணீரை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். உங்களுக்கு ஓய்வு.

இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று நீளும் பட்டியல். கடைசியாக வரும் ஒன்றை நான் சொல்லப்போவதில்லை, வீட்டில் சோறு கிடைக்காது. சாமியில்லாக் கோயில் என்பது மட்டும் 1981 மார்ச்சில் பொய்யானது. படைக்கலக் கிடங்காகவும் இருந்து, வழிபாடின்றிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை அந்த ஆண்டுதான் கொண்டுவந்து வைத்தார்கள். அதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கோயிலில் அகப்பட்டால் பேச்சுக்கொடுங்கள், எந்த வழிகாட்டியும் அவர் சொல்வதைச் சொல்ல மாட்டார். கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். யாளியும் குதிரைவீரனும் தாங்கும் தூண்கள். இதைப் பிரித்துக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டம் போட்டதாகவும், கற்களை ஏற்ற வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் மண்டபம் தப்பியதாகவும் ஒரு கதை ஓடுகிறது. தூண்களைப் பார்த்த பிறகு அந்த ஆசையில் வியப்பொன்றும் இல்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது செதுக்கல் எல்லாம் எழுந்து நிற்கும், உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். எட்டரைக்குப் போகச் சொன்னதற்கு இதுவே காரணம்.

கோட்டைக்குள் மற்றவை சிதறிக் கிடக்கின்றன. 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், ஒரு மசூதி, திப்புவின் பிள்ளைகளைச் சிறைவைத்திருந்த மஹால்கள், அருங்காட்சியகங்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிழல் குறைவு, நடுவில் மைதானம் போன்ற வெளி, அலுவலகங்களும் உள்ளேயே. நேர்மையாகச் சொன்னால், உட்புறம் ஒரு பழைய ஊர்ப்பகுதியாக இல்லை. குடித்தனம் கிடையாது, அடுப்புப் புகை கிடையாது. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள்.

ஆனால் 1806ஐத் தெரிந்துகொண்டு போனால் அதே வெளி வேறு மாதிரி. நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள். ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முன்னால். செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபோது காலைப் பொழுது இன்னும் முடிந்திருக்கவில்லை. பிறகு நடந்தது பழிவாங்கல். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மக்கான் சந்திப்பில் இதற்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. போக்குவரத்துக்கு நடுவில், அவசரமாகக் கடந்துபோகும்படியாக நிற்கிறது. கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இந்தக் கோட்டையில்தான் 1816 முதல் 1832இல் சாகும்வரை அடைபட்டிருந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம். அது வரை நடக்க வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

இனி ஆற்காடு. வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், கில்லெஸ்பி வந்த திசையில் நீங்கள் எதிராகப் போகிறீர்கள். வேலூரில் கண்ணுக்கு வேலை, ஆற்காட்டில் மனசுக்கு வேலை. கர்நாடக நவாபுகளின் தலைநகரம் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். அரண்மனை எங்கே, கோட்டை எங்கே என்று கேட்பார்கள். ஹைதர் அலி 1780இல் ஊரைப் பிடித்தார், பிறகு திப்பு மதில்களை இடித்தார். அதற்கு முன்பே நவாப் முகமது அலி வாலாஜா சென்னைக்குக் குடிபெயர்ந்து சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் இன்றும் இருக்கிறது, அவர் வசிப்பது ராயப்பேட்டை அமீர் மஹாலில்.

மிஞ்சியது பாலாற்றங்கரையில் டெல்லி கேட். மேலே அறை வைத்த ஒற்றை வாசல், இருபுறமும் மதில் இல்லாமல். ராபர்ட் கிளைவ் அந்த அறையில் தங்கினார் என்பது ஊர்ப் பேச்சு. 1751இல், 26 வயதுகூட நிரம்பாத கிளைவ், 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களுமாக ஆற்காட்டைப் பிடித்து, எதிர்த்தரப்பு நவாப் சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் முற்றுகையை 50 நாள் தாங்கினார். சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்று ஆங்கிலேயர் பெருமையாக எழுதிவைத்தார்கள். அரிசி ஆற்காட்டுக் கிச்சிலிச் சம்பாவாக இருந்திருந்தால் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். எப்படியோ, ஒரு வியாபாரக் கும்பினி ராஜ்யம் ஆளப் புறப்பட்ட பாதையில் இந்த வாசல் முக்கியமான திருப்பம். அங்கே போய் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் நிழல், எதிரே மணல், மணலில் சீமைக்கருவேலம்.

இதை வைத்துக்கொண்டு ஒரு காலையை நிரப்ப முடியுமா? முடியும், ஆளைப் பொறுத்து. டெல்லி கேட்டிலிருந்து ஊருக்குள் நடந்தால் தர்காக்களும் பழைய மசூதிகளும் வரிசையாக வரும். அவற்றில் திப்பு மஸ்தான் அவுலியா தர்காவை விடக் கூடாது. இந்த மகானின் பெயரைத்தான் ஹைதர் தன் மகனுக்கு வைத்தார். பிறகு ஊரை இடித்தவன் அந்த மகனேதான் என்பதை அங்கே நின்று நினைத்துப் பார்க்கலாம். தெருக்கள் வேலூரைவிட அமைதி. வயதானவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள், வழி கேட்டால் வழியோடு கதையும் வரும். முடிவில் மக்கன் பேடா. ஜீராவில் ஊறிய, உள்ளே முந்திரி திராட்சை வைத்த அந்த உருண்டையை இரண்டுக்கு மேல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் அன்று மேற்கொண்டு நடக்கவில்லை.

பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. செஞ்சி ராஜா தேசிங்கு போரில் மாண்டதும் உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாக, போரில் வென்ற நவாப் சாதத்துல்லா கானே இந்த ஊரை எழுப்பினார் என்பார்கள். ஊருக்கு வெளியே தோல் தொழிற்சாலைகள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் போவது நல்லது.

வாலாஜாபேட்டையையும் சிலர் சேர்க்கச் சொல்வார்கள். 1866இல் சென்னை மாகாணத்தின் முதல் நகராட்சி, 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம், தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதரின் ஊர். பெருமைகள் எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன, தெருவில் பார்க்கக் கொஞ்சம்தான். நான் அங்கே நிறுத்துவதில்லை.

ஆரணி முற்றிலும் வேறு கணக்கு. பழைய வட ஆற்காட்டில் இருந்தது, இப்போது திருவண்ணாமலை மாவட்டம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்ட ஊர். அவர்கள் கட்டிய சத்தியவிஜயநகரம் மாளிகை இடிந்தும் இடியாமலும் நிற்கிறது. பூசிமலைக்குப்பத்தில் இன்னொன்று. கட்டடம் பார்க்க மட்டும் என்றால் இவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். அங்கே போவது தறிச் சத்தத்துக்காக. நெசவாளர் தெருக்களில் வீட்டின் முன்கூடமே தொழிற்கூடம். குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரையும், மேலே புடவையில் உருவம் எழுப்பும் ஜக்கார்டு பெட்டியையும் வாசலில் நின்றபடியே பார்க்கலாம். அதிகாலையில் போனால் தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகளை, விரித்து, இருபுறமும் ஆட்கள் நின்று இழை சரிபார்ப்பதைக் காணலாம். வெயில் ஏறினால் பட்டு இழை காய்ந்து அறும், அதனால் இது காலை வேலை. மாசிக் காலையின் ஈரக்காற்றும் வெளிச்சமும் நடக்கிற உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அந்தப் பாவுக்கும் தேவை. மூன்று ஊர்களில் பழமை இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிற ஊர் இதுதான், சம்பளம் போதாது என்பது வேறு விஷயம்.

இரண்டு எச்சரிக்கை. வாசல் திறந்திருக்கிறது என்று நுழையாதீர்கள், அது ஒருவருடைய வீடு. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், பெரும்பாலும் "வாங்கண்ணா, பாருங்க" என்பார்கள். இன்னொன்று, வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஆரணிப் பட்டும் புவிசார் குறியீடு பெற்றது, எடை குறைவு, கட்டிக்கொண்டு வேலை செய்யலாம், விலையும் காஞ்சிபுரத்தை நினைத்துப் பயப்படும் அளவில் இருக்காது. போவதற்கு முன்பே செலவை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது என்று கேட்டால்: முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவோடு வந்தால் வேலூர், அதிலும் பஜாரை விட்டுவிட்டு அகழியோரப் பூங்காவும் கோயிலும் போதும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்றாலும் வேலூர். தனியாக வருகிறவர், பேசப் பிடித்தவர், ஒரு இடிந்த வாசலைப் பார்த்து அரை மணி நேரம் நிற்கக் கூடியவர் என்றால் ஆற்காடு. கைவேலையில் ஆசையுள்ளவர், சொந்த வண்டி உள்ளவர் என்றால் ஆரணி. பஸ்ஸிலும் போகலாம், ஆனால் பாவு விரிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவது கஷ்டம். சி.எம்.சி.யில் காத்திருப்பவர்களுக்கு நான் வேறெதையும் சொல்வதில்லை. கோட்டை நடக்கிற தூரம், போன் வந்தால் இருபது நிமிஷத்தில் வார்டுக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டைச் சேர்க்க முடியுமா என்றால், வேலூரும் ஆற்காடும் சேரும். காலையில் பஜார், கோட்டை. மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி, ஒரு தூக்கம். நான்கு மணிக்கு ஆற்காடு பஸ். 1806இல் நடந்ததைக் கோட்டையில் கேட்டுவிட்டு அந்தச் சாலையிலேயே போவதால் தூரம் கண்முன் நிற்கும், குதிரையில் இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார்கள் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போடுவீர்கள். ஆரணியை இதோடு ஒட்டப் பார்க்காதீர்கள். ஒரே நாளில் மூன்றையும் முடித்தேன் என்று வருகிறவர்களிடம் போட்டோக்கள் நிறைய இருக்கும், ஒரு தெருவின் பெயர்கூட நினைவிருக்காது.

நாள் குறிக்கும்போது மாசி சிவராத்திரி எப்போது என்று பார்த்துவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் அமாவாசையில் வேலூர்ப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா. அங்காளம்மன் தேர்களும் காளி வேஷமும் பம்பைச் சத்தமுமாக ஊரே ஆற்றுக்குள் இறங்கும், காட்பாடி சாலையில் வண்டி நகராது. அமைதியாக நடக்க நினைப்பவர்கள் அன்று ஆரணிக்குப் போய்விடலாம். கூட்டம் பிடிக்கும் என்பவர்கள் மத்தியானத்துக்குள் கோட்டையை முடித்துவிட்டு ஆற்றங்கரையில் இடம் பிடிக்க வேண்டும், மூன்று மணிக்கு மேல் பாலத்தின் பக்கம் நிற்கக்கூட இடம் கிடைக்காது.